சுவரில் சைக்கிள் இருக்கட்டும், முதலில் குழாயைக் கழுவுங்கள்

நகரங்களில் கிராஃப்ட் பீர் (சிறிய அளவில் தனிக் கவனத்தோடு காய்ச்சும் பீர்) பப் நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்கு உள்அலங்காரம் செய்து தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சுவரில் தொங்கும் சைக்கிள், கூரையிலிருந்து இறங்கும் குடைகள், டிராம்போன் என்ற ஊதுகருவியின் குழலில் செய்த டேப் (பீர் ஊற்றும் குழாய்), கழிப்பறைக் கதவில் பழைய எக்ஸ்ரே படங்கள். இதையெல்லாம் கழற்றி எறியச் சொல்லும் கடிதம் இல்லை இது. இந்தக் கிறுக்குத்தனம் எனக்குப் பிடிக்கும். வெள்ளைச் சுவரும் மூன்று டிவியும் உள்ள இடத்தைவிட, யாரோ உட்கார்ந்து யோசித்து விளையாடியிருக்கும் இடம் நிச்சயம் மேல். என் முறையீடு வேறு. பல பப்களில் அலங்காரம் இப்போது பீருக்கு எதிராகவே வேலை செய்கிறது. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த டிராம்போன். பீர் குளிர் அறையில் கெக் என்ற உலோகப் பீப்பாயில் இருக்கிறது. அங்கிருந்து கிளாஸ் வரை வரும் வழி முழுவதும் அது குளிராகவே இருக்க வேண்டும். அதனால்தான் பீர் வரும் குழாய்களோடு சேர்த்துக் குளிர்திரவம் ஓடும் குழாயையும் கட்டி, மேலே தடிமனாக உறை போடுகிறார்கள். கடைசி இரண்டடி மட்டும் உறையில்லாத பித்தளை அலங்காரமாக இருந்தால், அதற்குள் தேங்கி நிற்கும் பீர் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். சூடேறினால் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறும். அப்புறம் என்ன, டேப்பைத் திறந்ததும் நுரைதான். பார்டெண்டர் பாதி கிளாஸைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மீதியை என்னிடம் நீட்டுகிறார். ஊற்றியது உங்கள் நஷ்டம், நீட்டியது என் நஷ்டம்.

நுரைகூடப் பரவாயில்லை. வளைந்து நெளிந்த அந்தக் குழலைக் கழற்றிக் கழுவுவது யார்? பீர் ஓடும் குழாயின் உட்சுவரில் ஈஸ்ட்டும் புரதமும் படிந்துகொண்டே இருக்கும். கிருமிகள் குடியேற அது போதும். புளித்த காடி வாசனை, வெண்ணெய் உருகியது போன்ற வாசனை எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. பீர் காய்ச்சியவர் மீது பழி போடுகிறோம், குற்றவாளி குழாய். குறைந்தது 14 நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் மருந்து விட்டு லைனை, அதாவது பீர் வரும் குழாயை, கழுவ வேண்டும், டேப்பைத் தனியாகக் கழற்றித் தேய்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் பீர் உற்பத்தியாளர் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் தன் கையேட்டில் சொல்கிறது. கடைசியாக லைன் கழுவியது எப்போது என்று ஆர்டர் செய்வதற்கு முன் கேட்பது என் வழக்கம். பதிலுக்குச் சிரிப்பு வந்தால் பாட்டில் வாங்கிக்கொள்வேன்.

பாட்டிலும் தப்பவில்லை என்பதுதான் கொடுமை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்க பாட்டில்களை அடுக்கி, பின்புறம் விளக்குப் போட்டு, தேவாலயத்து வண்ணக் கண்ணாடி போல ஒளிர விடுகிறீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் பீருக்குக் கசப்பைத் தரும், ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாக மாறும். ஸ்கங்க் என்ற பிராணி எதிரியை விரட்டப் பீய்ச்சும் நாற்றத்துக்கு அது நெருங்கிய சொந்தம். பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும். உங்கள் விளக்கு அவ்வளவு வேகமாக வேலை செய்யாது, சரி. ஆனால் அந்தப் பாட்டில்கள் அங்கே மாதக்கணக்கில் நிற்கின்றன. காலி பாட்டிலுக்கு எவ்வளவு விளக்கு வேண்டுமானாலும் போடுங்கள். நாங்கள் குடிக்கப் போவது இருட்டில் இருக்கட்டும்.

கிளாஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஜாம் புட்டியில் பீர் ஊற்றித் தருவதை நிறுத்திவிடுங்கள். மூடி திருகும் வரி உதட்டில் உரசுகிறது, நுரை நிற்பதில்லை.

இதற்கெல்லாம் அலங்காரமே எதிரி என்று அர்த்தமில்லை. பழைய பீர்க் கூடங்களில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற பலவும் ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. 1393-இல், இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், ஏல் என்ற வகை பீரைக் காய்ச்சி விற்பவர் வாசலில் அடையாளம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. சரக்கைச் சோதிக்க வருகிற அதிகாரிக்கு வீடு தெரிய வேண்டுமே. எழுத்து தெரியாத வாடிக்கையாளருக்கும் புரிய வேண்டும் என்பதால் மான், சிங்கம், மணி என்று படங்கள். ஆங்கிலேய பப்களின் அந்தப் பெயர்களும் பலகைகளும் இன்றும் தொடர்கின்றன.

ஜெர்மனியில், பவேரியாவின் முனிக் நகரத்து பீர்த் தோட்டங்களைப் பாருங்கள். கோடையில் பீர் காய்ச்சக் கூடாது என்று 1553-இல் பவேரியாவில் ஆணை இருந்தது, சூட்டில் நொதித்தால் கெட்டுவிடும் என்பதால். குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை வரை காப்பாற்ற நிலவறை வெட்டினார்கள். நிலவறை குளிர்ச்சியாக இருக்க, மேலே சரளை பரப்பி செஸ்ட்நட் மரம் நட்டார்கள். அகன்ற இலை, ஆழமாகப் போகாத வேர், அடியில் இருக்கும் நிலவறையின் வளைந்த கூரைக்கு ஆபத்தில்லை. நிழல் இருந்தால் ஜனம் வராமல் இருக்குமா? 1812-இல் பவேரிய மன்னர் மாக்ஸ் ஜோசப் நிலவறை வாசலிலேயே பீர் விற்க அனுமதி கொடுத்தார். சாப்பாடு விற்பவர்களின் பிழைப்பு கெடக் கூடாது என்று கூடவே ரொட்டி மட்டும் தரலாம் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். இன்று உலகம் முழுக்க பிளாஸ்டிக் செடியை வைத்து நீங்கள் நகலெடுக்கும் அந்தச் சூழல், பீரைக் குளிர வைக்கப் போன இடத்தில் தானாக அமைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அலங்காரம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. 1900-இல் தொடங்கிய காந்தியோன் என்ற கூடத்தில் லாம்பிக் பீர் காய்ச்சுகிறார்கள். கொதித்து இறக்கிய தானியச் சாற்றைக் கூரைக்கு அடியில் அகலமான செம்புத் தொட்டியில் ஓரிரவு திறந்து வைப்பார்கள், காற்றில் இருக்கிற ஈஸ்ட்டே அதில் இறங்கட்டும் என்று. பிறகு மரப் பீப்பாய்க்குப் போகும். அந்தப் பீப்பாய்கள் மீது சிலந்தி வலை அப்படியே இருக்கும், யாரும் கலைப்பதில்லை. பீரைத் தேடி வரும் பூச்சிகளைச் சிலந்தி பிடித்துக்கொள்கிறது. எந்த வடிவமைப்பாளரும் காகிதத்தில் வரைந்திருக்க முடியாத அழகு அது. சம்பளமில்லாத வேலைக்காரர்கள் கட்டியது.

இதன் எதிர் எல்லையும் உண்டு. 2010-இல் ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் நிறுவனம் 55 சதவீத ஆல்கஹால் கொண்ட ஒரு பீரை 12 பாட்டில் மட்டும் தயாரித்து, பாடம் செய்த அணிலுக்கும் முயலுக்கும் கீரி போன்ற பிராணிக்கும் உள்ளே வைத்து விற்றது. பாட்டிலின் கழுத்து மிருகத்தின் வாய் வழியாக நீட்டிக்கொண்டிருந்தது. கோபப்பட்டவர்களும் சிரித்தவர்களும் பேசியதெல்லாம் அணிலைப் பற்றித்தான். பீர் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை என் காதுக்கு வரவில்லை.

உங்கள் பப்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சௌகரியமான இடத்தில் இருக்கின்றன, அதுதான் அலுப்பு. பூசாத செங்கல் சுவர், இழை தெரியும் மஞ்சள் பல்பு, இரும்புக் குழாயில் செய்த அலமாரி, ரிப்பன் இல்லாத தட்டச்சு இயந்திரம். எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. ஓரிடத்தில் அலமாரிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று இழுத்தேன், மொத்த வரிசையும் சேர்ந்து வந்தது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். அந்தக் கட்டடம் முன்பு அச்சகமாக இருந்ததா, மில்லாக இருந்ததா, அதன் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்களேன்.

பிறகு, சத்தம். செங்கல், கான்கிரீட் தரை, தகரக் கூரை, கண்ணாடி முகப்பு என்று ஒலியை விழுங்கும் பொருள் ஒன்றுகூட இல்லாத அறையில் நாற்பது பேரை உட்கார வைக்கிறீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதி வைத்திருக்கிறார். ஒரு மேசை உயர்த்தினால் பக்கத்து மேசை உயர்த்தும், நீங்கள் பாட்டின் ஒலியை உயர்த்துவீர்கள். ஒன்பது மணிக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம். கனமான திரைச்சீலை, மேசையின் அடியில் ஒட்டிய தடித்த ஃபெல்ட் துணி, கூரையில் சில ஒலித்தடுப்புப் பலகைகள் போதும். கூரையில் குடைதான் தொங்க வேண்டும் என்றால் கனமான துணிக்குடையாகத் தொங்கவிடுங்கள், கொஞ்சமாவது உதவும்.

கரும்பலகை மெனுவைக் கொஞ்சம் வெளிச்சத்தில் மாட்டுங்கள். சுழித்துச் சுழித்து எழுதிய எழுத்தில் பீரின் பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் உங்களுக்குள் மட்டும் புரியும் ஏதோ நகைச்சுவை. எங்களுக்கு வேண்டியது வகை, ஆல்கஹால் அளவு, கிளாஸின் அளவு. 4 சதவீத லேகரையும் 10 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டையும் ஒரே அளவு கிளாஸில், எச்சரிக்காமல் தருவது விளையாட்டல்ல, இரண்டாவது கிளாஸில் உள்ளது முதலாவதைப் போல இரண்டரை மடங்கு ஆல்கஹால். குடிக்காத நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். அவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் தவிர வேறு ஏதாவது பலகையில் இருக்க வேண்டாமா? ஆல்கஹால் இல்லாத நல்ல பீர்கள் இப்போது நிறையவே வருகின்றன.

உங்கள் ஊழியர்கள் மீது எனக்குக் குறை இல்லை. சின்னக் கிளாஸில் ருசி பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். வெளிர் நிற சைசான் எது, கருத்த போர்ட்டர் எது என்று கேட்டால் அன்போடு விளக்குகிறார்கள். சிவப்பு நியான் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் தெரிவது அவர்கள் பிழையா என்ன?

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அலங்காரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது ஒரு சின்னப் பலகையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பித்தளையோ பழைய ரயில் பலகையோ, உங்கள் கற்பனை எப்படிப் போகிறதோ அப்படி. அதில் லைன் கழுவிய தேதியையும் ஒவ்வொரு கெக்கைத் திறந்த தேதியையும் எழுதி, டேப்புக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். தேதி பழையதாக இருந்தால் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடிக்கடி வந்து மூலை மேசையில் உட்காரும் ஒரு வாடிக்கையாளர்