பின்கட்டு லாண்டரி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஆபீஸில் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த வம்பு உங்களுக்கு எதற்கு? பேத்தி போனில் படித்துக் காட்டும்போது இது யாருக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் பதினாலாம் நம்பர் ரூம் அம்மாவின் மகள்.

முதலில் அந்தச் சுங்குடிப் புடவை விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2019-ல் அம்மாவை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்த மூன்றாவது மாதம் அவளுடைய அரக்குச் சுங்குடியைக் காணோம். நேராகப் பின்கட்டுக்கு வந்து, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த உங்களிடம் கத்தினேன். மாசா மாசம் பணம் கட்டுகிறோமே, ஒரு புடவையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டேன். "தேடிப் பாக்கறனுங்க அம்மிணி" என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த வாரம் புடவை இஸ்திரி போட்டு அலமாரியில் இருந்தது. அம்மாவே அதைத் தலையணை உறைக்குள் திணித்து வைத்திருந்தாள், கூடவே இரண்டு பிஸ்கட், ஒரு மெதுவடை. ரொம்ப நாள் கழித்து நர்ஸ் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். மறதி நோய் வந்தவர்கள் பொருளை ஒளித்து வைப்பார்கள் என்று நான் படித்தவள்தான். இருந்தும் சந்தேகம் உங்கள் மேல்தான் போயிற்று. அன்றைக்குக் கேட்காத மன்னிப்பை இப்போது கேட்கிறேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தூங்கும் நேரத்தில் பின்பக்கம் வந்து துவைக்கிற கல்மேல் உட்கார ஆரம்பித்தேன். நாற்பது பேர் துணி, ஒரு பெரிய மெஷின், அதுவும் பாதி நாள் ரிப்பேர். எந்தத் துணி யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டபோது, பாவாடை ஓரத்தைத் திருப்பிக் காட்டினீர்கள். சிவப்பு நூலில் 14. அந்தக் காலத்தில் சேங்கொட்டைச் சாற்றில் வண்ணார் குறி போடுவார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாதாம், ஆனால் மேலே பட்டால் தோல் வெந்துவிடும். நீங்கள் நூலில் தைத்தீர்கள், அதுவும் முதுகில் படாத இடமாகப் பார்த்து. "படுத்தே கெடக்கறவங்களுக்கு முடிச்சு உறுத்துமுங்க." இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்திருந்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தாலும் அந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும் என்பதை நான் உங்களிடம்தான் கற்றேன்.

இன்னொன்றும் கற்றேன். ரத்தக்கறை, மலம் பட்ட துணியை எடுத்ததும் சுடுதண்ணீரில் போடக்கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் வெந்நீர், சோப்பு. எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தோம்! அங்கே பின்கட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். உப்பு; சோப்பு நுரைக்காது, துணி காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அம்மாவின் ஜாக்கெட்டுகளை மட்டும் கடைசி அலசலுக்குச் சமையலறையிலிருந்து ஒரு குடம் சிறுவாணித் தண்ணீர் எடுத்து வந்து நனைப்பீர்கள். தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, சொரசொரப்புத் தாங்காது என்று. இதை யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. சமையல்கார அண்ணன் முறைத்தாலும் விடமாட்டீர்கள்.

அந்தச் சிரங்கு விஷயத்தை எப்படி மறப்பேன்? அம்மா ராத்திரியெல்லாம் சொரிந்துகொண்டே இருந்தாள். வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். நீங்கள்தான் ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். "பொட்டுப் பொட்டா ரத்தமுங்க. பதினொண்ணு, பதினாறு ரூம் துணியிலயும் இதேயாட்டத்தான் இருக்குது." ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியாகப் போகிற நர்ஸுக்குத் தெரியாதது, எல்லா ரூம் துணியையும் ஒரே இடத்தில் குவித்துப் பார்க்கிற உங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்து ஸ்கேபிஸ் என்றார். எல்லாருக்கும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே க்ரீம் தடவி ராத்திரி முழுக்க விட்டார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். அந்தப் பூச்சி மனிதத் தோலை விட்டு வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. அதனால் துவைக்க முடியாத கம்பளியையெல்லாம் பையில் கட்டி ஓரமாகப் போட்டீர்கள். மற்றதையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் போட்டீர்கள். அந்த வாரம் உங்கள் விரலிடுக்கைப் பார்த்தேன். வெள்ளையாக ஊறிப்போய், சேற்றுப்புண்.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் டாக்டருக்குப் பொன்னாடை, நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை, நர்ஸுகளுக்கு ஆளுக்கொரு ஷீல்ட். மேடை மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. யார் போட்ட இஸ்திரி என்று எனக்குத் தெரியும். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 60 வயது ஆனால் மூத்த குடிமக்கள் கணக்கு. அந்த ஆண்டு விழா சமயத்திலேயே உங்களுக்கு 61. அந்தச் சட்டப்படி பார்த்தால் உள்ளே படுத்திருப்பவர்களும் நீங்களும் ஒரே வரிசை. இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் யாரையும் கேட்டுக்குள் விடவில்லை. பஸ் ஓடாது என்று தெரிந்து, இரண்டு புடவையோடு உள்ளேயே தங்கிவிட்டீர்கள். வீடியோ காலில் அம்மா பேசமாட்டாள், கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாகக் கொடி தெரியும். அதில் அம்மாவின் ஊதா நைட்டி ஆடினால் எனக்குப் போதும். இன்றைக்குக் குளித்திருக்கிறாள், துணி மாற்றியிருக்கிறாள் என்று போனை வைப்பேன்.

போன வருஷம் எல்லாம் முடிந்து, அம்மாவின் துணிமூட்டையை வாங்க வந்தபோது நீங்கள் லீவில் இருந்தீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். புடவை, ஜாக்கெட், பாவாடை, நைட்டி, தனித்தனி அடுக்கு. பழக்கதோஷத்தில் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூல் இல்லை. ஒவ்வொன்றிலும் 14-ஐப் பிரித்து எடுத்திருக்கிறீர்கள். ஊசி போன துளைகள் மட்டும் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து உருப்படி இருக்கும். எந்த ராத்திரி உட்கார்ந்து பிரித்தீர்கள்?

சரி அக்கா, வருகிற ஞாயிறு வருகிறேன். ஆபீஸ் பக்கம் போகாமல் நேராகப் பின்கட்டுக்கே வருவேன். அரக்குச் சுங்குடியைக் கொண்டுவருகிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை நாலு ஜோடி வாங்கியிருக்கிறேன். அளவு சரியாகத் தெரியவில்லை. சின்னதாக இருந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், பில் பைக்குள்ளேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பதினாலாம் நம்பர் அம்மாவின் மகள்