ஃபிலிம் படங்கள் ஏன் குறைவாகவும் தாமதமாகவும் வருகின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நிகழ்ச்சிகளுக்கு டிஜிட்டல் கேமராவோடு ஃபிலிம் கேமராவும் கொண்டு வருகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது பதிவு செய்ய வருபவர்களில் சிலர், "டிஜிட்டலே வேண்டாம், முழுக்க ஃபிலிமிலேயே எடுத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களோ, "டிஜிட்டல் படமெல்லாம் வந்துவிட்டது, ஃபிலிம் எப்போது வரும்? வந்தாலும் ஏன் இவ்வளவு கொஞ்சமாக?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்குவதைவிட எல்லாருக்குமாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஃபிலிமில் மட்டும் எடுக்கும் வேலையை நாங்கள் ஏற்பதில்லை. ஒரே ஒருமுறை நடக்கப்போவது எதுவாக இருந்தாலும் அது டிஜிட்டலில் கட்டாயம் பதிவாக வேண்டும். ஃபிலிம் அதற்கு மேல் வருவது.

காரணம் எளிது. நாங்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கேமராக்களில் இரண்டு மெமரி கார்டுகள் இருக்கும். எடுக்கிற ஒவ்வொரு படமும் அதே நேரத்தில் இரண்டிலும் பதிவாகிவிடும். ஒரு கார்டு கெட்டாலும் படம் பிழைக்கும். ஃபிலிமுக்கு அந்த வசதி கிடையாது. கழுவி ஸ்கேன் செய்து முடிக்கும் வரை அந்த ரோல் ஒன்றுதான் இருக்கிறது, நகல் என்று எதுவும் இல்லை. கேமராவின் பின்மூடி தவறித் திறந்துகொண்டாலும் சரி, லேபில் ரசாயனம் பழசாக இருந்தாலும் சரி, போனது போனதுதான்.

அடுத்தது எண்ணிக்கை. 35 மி.மீ. ரோல் ஒன்றில் 36 படங்கள். கொஞ்சம் பெரிய 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் எடுத்தால் வெறும் 12, 6×4.5 செ.மீ. அளவில் எடுத்தால் 16. விருது விழாவில் மேடைக்கு வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்போது 36 படம் நொடியில் தீர்ந்துவிடும். அப்புறம் ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, பின்மூடியைத் திறந்து, புது ரோலின் நுனியை அந்தப் பக்கத்துச் சுருளில் செருகி, ஃபிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து மூட வேண்டும். மூடியதும் ஓரிரு ஃபிரேம் வெறுமனே நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் ஆள் ஏன் காட்சியை விட்டுவிட்டு கேமராவின் இடப்பக்கக் குமிழையே உற்றுப் பார்க்கிறார் என்று சிலர் நினைத்திருக்கலாம். கையால் நகர்த்தும் பழைய கேமராக்களில் ஃபிலிம் ஓடினால் அந்தக் குமிழும் கூடவே சுற்றும். சுற்றவில்லையென்றால் உள்ளே எதுவும் நகரவில்லை, 36 முறை அழுத்தினாலும் வெற்று ரோல்தான் வெளியே வரும். இதையெல்லாம் முடிக்கும் வரை விருது வாங்குகிறவர் மேடையில் காத்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் முக்கியமான கட்டம் நெருங்கினால், ரோலில் ஐந்தாறு ஃபிரேம் மிச்சமிருந்தாலும் அதை எடுத்துவிட்டுப் புது ரோல் போட்டுவிடுவோம். வீண்தான், ஆனால் அதைவிட நல்ல வழி இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எதை ஃபிலிமில் எடுப்பது என்பதை முடிவு செய்வது அதுதான். டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனைக் குறிக்கும் எண்ணை, வெயிலில் 200, உள்ளே வந்ததும் 6400 என்று படத்துக்குப் படம் மாற்றலாம். ஃபிலிமில் 400 ரோல் போட்டால் 36 படமும் 400தான். இருட்டான அரங்கம் என்றால் அந்த 400 ரோலை 1600 என்று வைத்து எடுத்து, லேபில் கூடுதல் நேரம் டெவலப் செய்யச் சொல்லலாம். இதைத்தான் 'புஷ்' என்போம். ஆனால் ரோல் முழுவதையும் அப்படியே எடுக்க வேண்டும். எடுத்ததும் டப்பாமேல் மார்க்கரால் 1600 என்று எழுதுவதும் அதற்காகத்தான்.

கோடாக் ட்ரை-எக்ஸ், இல்ஃபோர்டு எச்பி5 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் புஷ்ஷை நன்றாகத் தாங்கும். துகள் தடிக்கும், நிழல்கள் கறுத்துப்போகும், ஆனாலும் முகம் நிற்கும். கலர் ஃபிலிமில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. வழக்கமான கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்கென்று தயாரானது. மஞ்சள் பல்பின் கீழே எல்லாரும் ஆரஞ்சு நிறத்தில் வருவார்கள். மேடையின் ஊதா, நீல எல்இடி விளக்குகள் டிஜிட்டலுக்கே தலைவலி, ஆனால் அதில் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கையில் இருப்பதால் வெள்ளைச் சமநிலையை, அதாவது விளக்கின் நிறச்சாயலை, பிறகு ஓரளவுக்கு இழுத்துச் சரிசெய்யலாம். ஆகவே இரவில், உள்ளரங்கில், ஃபிலிம் என்றால் கறுப்பு வெள்ளை, இல்லையென்றால் ஃபிளாஷ். அவ்வளவுதான்.

பிறகு எதற்கு ஃபிலிம்? பகல் வெளிச்சத்துக்காக. வெள்ளை உடை, பின்னால் வெயில், முகத்தில் நிழல் என்றிருக்கும் இடத்தில் டிஜிட்டல் சென்சார் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றும் பதியாது. வெளுத்த இடம் வெளுத்ததுதான், எடிட்டில் எவ்வளவு இழுத்தாலும் உடையின் மடிப்பு திரும்ப வராது. கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை நிதானமாக ஏற்றுக்கொள்ளும். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மடிப்பும் இருக்கும், தோலின் நிறமும் இருக்கும். வெளிச்சம் குறைந்தால்தான் சேறாகிவிடும். அதனால் டிஜிட்டலில் சற்றுக் குறைத்தும் ஃபிலிமில் சற்றுக் கூட்டியும் எடுப்பது வழக்கம். கோடாக்கின் கலர் நெகட்டிவான போர்ட்ரா 400 ரோலை 200 என்று வைத்தே எடுப்பவர்கள் நிறையப் பேர், நாங்களும் அப்படித்தான். இரண்டு கேமராவுக்கும் இரண்டு எதிரெதிர்ப் பழக்கம். ஒருவரே இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினால் கை குழம்பும் என்பதால்தான் ஃபிலிமுக்குத் தனி ஆள் அனுப்புகிறோம். கூடுதல் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. டிஜிட்டலில் குழுப்படம் எடுத்தால் எல்லாரும் கேமராவைச் சுற்றிக் கூடி, "காட்டுங்கள், என் கண் மூடியிருக்கிறதா?" என்பார்கள். ஃபிலிம் கேமராவில் காட்டத் திரை இல்லை என்று தெரிந்ததும் கலைந்துபோய்ப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல படங்கள் அப்போதுதான் கிடைக்கின்றன. (குழுப்படத்தை டிஜிட்டலிலும் எடுத்துவிடுகிறோம், கண் விஷயத்தில் கவலை வேண்டாம்.) டிஜிட்டல் படத்தையே ஃபிலிம் போல மாற்றித் தரச் சொன்னாலும் செய்வோம், செலவும் குறைவு. ஆனால் அதை ஃபிலிம் என்று சொல்லித் தர மாட்டோம்.

தாமதத்துக்கு வருவோம். கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறை 1972இல் வந்தது. 37.8 டிகிரி செல்சியஸில் டெவலப்பரில் இருக்கும் நேரம் 3 நிமிடம் 15 விநாடி மட்டுமே. நாள் பிடிப்பது மற்றதற்கெல்லாம்: லேபில் வரிசை, உலர்த்துவது, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன், தூசித் தடங்களை நீக்குவது, நிறம் பார்ப்பது. கலர் ஃபிலிம் கழுவும் லேபுகளும் குறைந்துவிட்டன. கேமராக்களும் அப்படித்தான். கேனன் தன் கடைசி ஃபிலிம் எஸ்எல்ஆரான இஓஎஸ்-1வி விற்பனையை 2018இலும், நிக்கான் எஃப்6ஐ 2020இலும் நிறுத்தின. நாங்கள் தூக்கி வருபவையெல்லாம் பழைய கேமராக்கள், அவ்வப்போது பழுதுபார்க்கப் போகும். அதனால் எப்போதும் ஒன்று உபரியாக இருக்கும். நிகழ்ச்சிக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தால் ரோல்களைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்போம், விமான நிலையங்களின் புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமில் மூட்டம் படிய வைத்துவிடும்.

சந்தடி சாக்கில் ஒன்று: வீட்டில் கழுவாத பழைய ரோல் கிடந்தால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். சி-41 என்று அச்சிட்டிருந்தால் இன்றும் கழுவலாம், நிறம் மங்கியிருந்தாலும் ஏதாவது தெரியும். கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம்) என்றிருந்தால் அதற்கான கலர் முறை 2010 கடைசியோடு நின்றுவிட்டது, கறுப்பு வெள்ளையாக மட்டுமே எடுக்க முயலலாம்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவ்களை உறையிலிட்டு உங்களிடமே கொடுத்துவிடுகிறோம். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், விரல்ரேகை படிந்தால் போகாது. ஈரம் ஏறும் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டிஜிட்டல் படங்களை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

ஃபிலிமும் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், ரோல்களை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். நிகழ்ச்சி பகலா இரவா, திறந்தவெளியா உள்ளரங்கமா என்பதையும் எழுதுங்கள். எந்த ரோல், எத்தனை என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் ஒளிப்படக் குழுவினர்