வந்தவர் கேட்பது ஒன்று, முகப்பில் இருப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல நிறுவனங்களின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிறுவனரின் வரவேற்புரையும் 'எங்கள் தொலைநோக்கு' என்றொரு பத்தியும்தான். வந்தவருக்குத் தெரிய வேண்டியது விலை என்ன, எத்தனை மணி வரை திறந்திருக்கும், வாங்கியதைத் திருப்பித் தரலாமா என்பது. தளத்தைப் புதுப்பிக்க நினைக்கும் முதலாளிகள் நேரே வடிவமைப்பாளரிடம் போகிறார்கள். அதற்கு முன், அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் போக வேண்டும்.

போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள், கேட்டவர் சொன்ன சொல்லிலேயே. மெனுவில் 'விற்பனைக்குப் பிந்தைய சேவை' என்று போட்டிருப்போம். அவர் 'ரிப்பேர் பண்ணித் தருவீங்களா' என்றுதான் கேட்பார், கூகுளிலும் அப்படித்தான் தேடுவார். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், என்னென்ன சொற்களைத் தேடியபோது நம் தளம் தென்பட்டது என்ற விவரம் 16 மாதம் வரை கிடைக்கும். நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை பெரும்பாலும் ஐந்தாறு கேள்விகள்தான். அவற்றுக்கான பதில் முகப்பிலேயே, போகட்டும், ஒரே தொடுதலிலாவது கிடைக்க வேண்டும்.

விலையைப் போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பார்கள். அவர் ஒரு போன் போட்டாலே தெரிந்துகொள்வாரே! வேலைக்கு ஏற்ப விலை மாறுமானால், தொடக்க விலையையும் எதனால் கூடும் என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் போதும். விலைப்பட்டியலை பி.டி.எஃப். கோப்பாக மட்டும் மாட்டிவிடுவது நல்லதல்ல. போனில் அதை விரித்து விரித்துப் படிக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. போன் எண்ணைப் படத்துக்குள் எழுதிவிட்டால் தொட்டு அழைக்க முடியாது. மூலையில் துள்ளும் அரட்டைப் பெட்டி அந்த எண்ணையே மறைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

அடுத்தது வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கேமராவிலிருந்து இறக்கிய 4 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்காது. 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாக எடுக்கும் பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கே.பி.யில் அடங்கிவிடும். படத்தின் அகல உயரத்தை நிரலில் குறிப்பிடாமல் விட்டால் இன்னொரு தொல்லை: எழுத்து முதலில் வரும், படம் பிறகு வந்து அதைக் கீழே தள்ளும். 'அழைக்க' பட்டனைத் தொடப்போன விரல் வேறெதையோ தொட்டுவிடும். முகப்பில் ஓடும் ஐந்து படங்களில் இரண்டாவது வரும் வரை காத்திருப்பவர் அரிது. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம்.

விசாரணைப் படிவத்துக்குப் பெயர், போன் எண், என்ன தேவை ஆகிய மூன்றும் போதும். எண் கட்டத்தைத் தொட்டதும் எண் விசைப்பலகை வர வேண்டும். ஒரு கட்டத்தில் பிழை என்பதற்காக மொத்தத்தையும் அழித்துவிடும் படிவத்தை மறுபடி நிரப்ப யாரும் உட்கார மாட்டார்கள்.

தளத்தை வெளியிடுமுன், நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் அவரவர் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதினார். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'ஞாயிறு திறந்திருக்குமா, கண்டுபிடியுங்கள்' என்று வேலை கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். திருத்திய பிறகு வேறு ஐந்து பேர்.

விலையோ நேரமோ மாறினால் அன்றே பக்கத்தைத் திருத்த அலுவலகத்திலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதையும், தளப் பெயர் (டொமைன்) நிறுவன உரிமையாளர் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர்கள் சிலர்