வெள்ளி இரவு வரைவு, சனி காலை மடல்

பண்டாரவளை
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அக்காவின் மகளுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் ஆகப் பெரிய சந்தோஷம். இங்கே பின்னேரமானால் மழை இறங்கிவிடுகிறது. ஹட்டன் பக்கம் எப்படியென்று கேட்கவே தேவையில்லை.

இனி நீ கேட்ட விஷயம்: வேலை, பயிற்சி அறிவித்தல்களைத் திரட்டி நீ வாராவாரம் அனுப்புகிற மின்னஞ்சல் மடலை எப்படி இலேசாக்குவது என்று. வாரத்துக்கு 20 அறிவித்தல், 640 வாசகர், எல்லாவற்றையும் வெள்ளி இரவு நீ ஒருத்தனாக வெட்டி ஒட்டுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கோட் ஒரு வரிகூட எழுதாமல் இதில் பெரும்பகுதியைத் தானாக ஓடவைக்கலாம். ஆனால் ‘அனுப்பு’ பட்டனை மட்டும் எந்தக் கருவியிடமும் கொடுக்காதே. அரச வர்த்தமானியில் 4ஆம் திகதி என்று இருப்பது உங்கள் மடலில் 14 என்று போய்விட்டால், பொகவந்தலாவையில் இருந்து பதிவுத் தபாலில் விண்ணப்பம் போடுகிற பிள்ளைக்கு அந்த வாய்ப்பே போய்விடும். வரைவு வரைக்கும் கருவி செய்யட்டும், அதற்குப் பிறகு மனுசக் கண் வேண்டும்.

வேலை தொடங்குவது கூகுள் ஷீட்டில், அதாவது இணையத்தில் இருக்கும் அட்டவணைத் தாளில். வட்ஸ்அப்பில் படமாகவும் குரல் பதிவாகவும் வருவதை நிறுத்தி, அறிவித்தல் தேடித் தருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கூகுள் ஃபோர்ம் கொடு. எட்டுக் கேள்வி போதும்: பதவி, திணைக்களம் அல்லது நிறுவனம், குறைந்தபட்சத் தகைமை, வயதெல்லை, மாவட்டம், இறுதித் திகதி, மூல அறிவித்தலின் இணைப்பு, அனுப்பியவர் பெயர். இறுதித் திகதிக்குத் திகதி வகைக் கேள்வியையே வை. வெறும் எழுத்துப் பெட்டி வைத்தால் ஒருவர் ‘வாற மாசம் 4’ என்பார், இன்னொருவர் ‘04.07’ என்பார். இரண்டையும் எந்தக் கருவியாலும் வரிசைப்படுத்த முடியாது. இணைப்புக்கு, இணைய முகவரி தவிர வேறொன்றையும் ஏற்காத சரிபார்ப்பைப் போடு. மாவட்டத்துக்குக் கீழிறங்கும் பட்டியல் வைத்து, ‘நாடு முழுவதும்’ என்பதையும் அதில் சேர்த்துவிடு.

ஃபோர்மின் விடைகள் விழும் தாளில் வரிகளை அழிக்காதே, இடையில் நெடுவரிசை செருகாதே. வலது ஓரத்தில் மட்டும் சேர்க்கலாம். அங்கே மூன்று நெடுவரிசை: ‘மீதி நாள்’, ‘சரிபார்த்தது’, ‘இதழ் இலக்கம்’. மூல அறிவித்தலைத் திறந்து திகதியையும் தகைமையையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் மட்டுமே ‘சரி’ என்று இடவேண்டும். இதை வாரம் முழுக்கப் பிரித்துச் செய்தால் வெள்ளி இரவு இலேசாகும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதான் வெளியாகிறது என்பதால் அதிலிருந்து வருபவை மட்டும் கடைசியில் சேரும்.

இரண்டாவது தாளில் ஒரு ஃபில்டர் சார்பு, அதாவது நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுகிற சூத்திரம். வரிசைப்படுத்த அதைச் சுற்றி ஒரு சோர்ட் சார்பு. ‘சரி’ இடப்பட்டது, இதழ் இலக்கம் வெறுமையாக உள்ளது, மீதி நாள் 5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றும் பொருந்துகிற வரிகள் இறுதித் திகதி வரிசையில் தாமாக வந்து நிற்கும். ஐந்து என்று சொல்வது பதிவுத் தபாலை நினைத்து. இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் ஏழாக்கு. இந்தத் தாளில் பலர் தவறு விடுகிற இடம் ஒன்று இருக்கிறது: ‘அனுப்பியாயிற்று’ என்ற குறியை ஃபில்டர் காட்டும் வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். அடுத்த அறிவித்தல் வந்ததும் வரிகள் நகரும், கையால் எழுதிய குறி நகராது. தாதியர் பயிற்சிக்கான குறி கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இதழ் இலக்கத்தை எப்போதும் விடைத் தாளில், அந்தந்த வரியிலேயே இடு. அதுவும் மடல் போன பிறகுதான். முன்கூட்டி இட்டுவிட்டு அனுப்புவது தடைப்பட்டால் அந்த 20 அறிவித்தலும் யாருக்கும் போகாமலே பட்டியலில் இருந்து மறைந்துவிடும்.

திகதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஷீட்டின் அமைப்புகளில் இடம் (லொகேல்) அமெரிக்கா என்று இருந்தால், நீ கையால் 04/07 என்று தட்டும்போது அது ஏப்ரல் 7 ஆகிவிடும். ஜூன் மாதத்தில் ஏப்ரல் 7 என்பது கடந்துபோன நாள். ஃபில்டர் அந்த வரியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிழைச் செய்திகூட வராது. இடத்தை ஐக்கிய இராச்சியம் என்றும் நேர வலயத்தைக் கொழும்பு என்றும் மாற்று. ஃபோர்ம் வழியாக வருகிற திகதிகளுக்கு இந்த ஆபத்து இல்லை, கையால் சேர்ப்பவற்றுக்குத்தான். வாசகருக்குக் காட்டும் திகதிக்குத் தனி நெடுவரிசை வை. ‘ஜனவரி’ முதல் ‘டிசம்பர்’ வரை 12 வரிப் பட்டியல் ஒன்றை மூலையில் எழுதி, மாத இலக்கத்தை வைத்துப் பெயரை எடுக்கலாம். மடலில் அது இப்படி நிற்கவேண்டும்:

முகாமைத்துவ உதவியாளர். நாடு முழுவதும். இறுதித் திகதி: ஜூலை 4, வெள்ளி. இன்னும் 13 நாள்.

இலக்கத்தை மட்டும் போட்டால் எது மாதம், எது நாள் என்ற குழப்பம் வாசகருக்கும் வரும். கிழமையையும் சேர்த்தால் தவறு உடனே கண்ணில் படும்.

அடுத்தது நம் நாட்டில் அடிக்கடி வருகிற தலைவலி, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய கம்பியூட்டரில் தட்டி வைத்திருந்ததை யாராவது அப்படியே ஃபோர்மில் ஒட்டினால், ஷீட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். காரணம், பாமினியில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகும், ஆனால் பார்க்கத் தவறிவிட்டால் அப்படியே மடலில் போய்விடும். அதனால் நிபந்தனை வடிவமைப்பு ஒன்று போடு: பதவிக் கலத்தில் [அ-ஹ] வீச்சில் ஓர் எழுத்துகூட இல்லையென்றால் வரி முழுக்கச் சிவப்பாகவேண்டும். எழுத்து வடிவத்தைத் தேடிப் பார்க்கிற ரெஜெக்ஸ்மேட்ச் சார்பு அதைப் பார்த்துக்கொள்ளும். வாசகர் பட்டியலை எக்செல்லில் திறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடலாம். தரவு மெனுவால் உள்ளே எடுத்து, யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி முறையைத் தெரிவுசெய்.

இப்போது ஷீட்டையும் மடல் அனுப்பும் சேவையையும் இணைக்கும் கருவி. ஸாப்பியர் (Zapier), மேக் (Make) இரண்டில் எதுவும் சரி. உனக்கு இலவசத் திட்டமே போதும் என்பதால் மேக்கைச் சொல்கிறேன். அதன் இலவச ஒதுக்கீடு மாதம் 1000 கிரெடிட், சாதாரணச் செயல்பாடு ஒன்றுக்கு ஒரு கிரெடிட் போகும். கணக்கு எங்கே உதைக்கும் என்று பார். ‘புதிய வரியைக் கவனி’ என்ற தூண்டியை வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், புதிதாக ஒன்றும் வராவிட்டாலும் ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் ஒரு செயல்பாடு. நாளைக்கு 96. பதினோராம் நாள் 1000 தீர்ந்து எல்லாம் நின்றுவிடும். கிழமைக்கு ஒருமுறை போகிற மடலுக்குக் கால்மணிக்கொரு தடவை காவல் எதற்கு? வெள்ளி இரவு 8 மணிக்கு ஒரே ஓட்டம் என்று நேரம் குறி.

இரண்டாவது விரயம் வரிகளை ஒவ்வொன்றாக எடுப்பது. 20 வரியை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று கட்டத்துக்கு ஊடாக அனுப்பினால் 60 செயல்பாடு, அதோடு 20 தனி வரைவுகள் உருவாகிவிடும் அபாயமும் உண்டு. அதைவிட, ஷீட்டுக்குள்ளேயே டெக்ஸ்ட்ஜொயின் சார்பால் எல்லா அறிவித்தலையும் ஒரே கலத்தில் சேர்த்துவிடு. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, விவரம், இணைப்பு என்று காட்டும் எச்டிஎம்எல் குறிகளையும் (மடலின் வடிவைச் சொல்லும் குறிமொழி) அங்கேயே சுற்றலாம். ஒரு கலத்துக்கு 50,000 எழுத்துதான் எல்லை, உனக்கு அது தாராளம். பிறகு மேக் செய்யவேண்டியது மூன்றே வேலை: அந்தக் கலத்தை வாசிப்பது, மடல் சேவையில் வரைவு உருவாக்குவது, ‘வரைவு தயார், இத்தனை அறிவித்தல்’ என்று உனக்கும் உன்னோடு வரைவைச் சரிபார்க்கப்போகிற இன்னொருவருக்கும் மெயில் போடுவது. மாதம் முழுக்க 15 செயல்பாட்டைத் தாண்டாது. மேக் கணக்கிலும் நேர வலயத்தைக் கொழும்பாக்கு. உலக நேரத்தில் விட்டால் இரவு 8 மணி ஓட்டம் நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 1.30க்குத்தான் நடக்கும்.

அந்த ‘வரைவு தயார்’ மெயில் அறிவித்தல் ஒன்றும் இல்லாத வாரத்திலும் வரவேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் கருவிக்குக் கொடுத்த அனுமதி அறுந்து ஓட்டம் நின்றுபோகலாம். வெள்ளி 9 மணிக்கு மெயில் வரவில்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு ஜிமெயிலை நம்பாதே. சாதாரணக் கணக்கில் நாளுக்கு 500 பேருக்கு மேல் போகாது, உனக்கு 640 பேர். பிரெவோ என்ற மடல் சேவையின் இலவசத் திட்டம் நாளுக்கு 300 மடல் தரும், அதில் மூன்று நாளாகப் பிரியும். அவசரத் திகதி உள்ள மடலுக்கு அது சரிவராது, இந்த இடத்தில் காசு செலவழிக்கத் தயங்காதே. எந்தச் சேவையானாலும், வெளியிலிருந்து வரைவு உருவாக்க மேக்கில் அதற்கு வசதி இருக்கிறதா என்று கணக்குத் திறக்க முன்னமே பார்.

சொந்த டொமைன் (இணையப் பெயர்) கட்டாயம் வாங்கு. அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டு வேறொரு சேவை வழியாக அனுப்பினால், அந்த முகவரிக்கும் அனுப்பும் இயந்திரத்துக்கும் பொருத்தம் இல்லாமல் ஸ்பாமுக்குப் போகும். 2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும் இதில் இறுக்கம். டொமைன் பதிவுகளில் எஸ்பிஎஃப் (உன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மடலின் மின் கையொப்பம்), டிமார்க் (இவை பொருந்தாத மடலை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல்) மூன்றும் வேண்டும். எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும், பழைய வரிக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்க்கவேண்டும். டிமார்க்கை முதலில் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற நிலையில் வைத்துத் தொடங்கு.

ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுளின் விதி. 640 பேரில் இரண்டு பேர் அழுத்தினாலே 0.31 வீதம். ஆகவே வாசகர் பட்டியலில் இருந்து விலகும் இணைப்பு தெளிவாகத் தெரியவேண்டும். அதைக் கெடுப்பது மடலின் நீளம். ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேலான மடலை வெட்டிவிடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது கிடைக்காதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். தமிழில் இந்த எல்லை சீக்கிரம் வரும், ஏனென்றால் யுடிஎஃப்-8 முறையில் ‘க’ ஒன்றே மூன்று பைட், ‘கி’ ஆறு. சில தொகுப்பிகள் ‘க’வை எண்குறியாக மாற்றி ஏழு பைட் ஆக்கிவிடும். ஒவ்வொரு வரிக்கும் நிறமும் அளவும் கொடுக்கிற அலங்கார வார்ப்புருவை விட்டுவிட்டு, வெறும் எழுத்தும் இணைப்புமாக அனுப்பு. வர்த்தமானி பிடிஎஃப்பை இணைக்காதே. சின்ன டேட்டா கார்ட் போட்டு வாசிக்கிறவர்கள் அவர்கள்.

வகுப்புகளில் தாளில் எழுதி வாங்கிய முகவரிகளை அப்படியே ஏற்றவேண்டாம். ஜிமெயிலுக்குப் பின்னால் ‘கொம்’ என்பதை ‘கொன்’ என்று தட்டியிருந்தால் மடல் திரும்பிவரும், திரும்பிவருவது கூடினால் உன் டொமைனின் பெயர் கெடும். பதிந்ததும் போகிற உறுதிப்படுத்தும் மெயிலை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் வை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தாலும் சம்மதம் பதிவாகியிருப்பது நல்லது. அடையாள அட்டை இலக்கத்தையோ பிறந்த திகதியையோ கேட்கவே கேட்காதே. மடல் அனுப்ப அவை தேவையில்லை.

சனி காலை 6 மணிக்கு இருவரும் வரைவை வாசியுங்கள். ஒருவர் போனில், மற்றவர் கம்பியூட்டரில். எல்லா இணைப்பையும் அழுத்தி, எல்லாத் திகதியையும் மூலத்தோடு ஒப்பிட்டு, ஏழுக்கு அனுப்பலாம். ஒரு திகதியில் சந்தேகம் வந்தால் அந்த அறிவித்தலை எடுத்துவிட்டு மற்றவற்றை அனுப்பு, நிச்சயமானதும் அதைத் தனியாக அனுப்பலாம்.

ஷீட்டை என்னோடும் பகிர்ந்துவிடு. புதன்கிழமைக்குள் இரண்டாம் தாளின் சார்புகளை எழுதித் தருகிறேன். முதல் இரண்டு வாரம் உன் பழைய முறையையும் கூடவே வைத்திரு. வெள்ளி இரவு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அறிவித்தல் விடுபட்டது என்று போனில் சேர்ந்து பார்ப்போம்.

அக்காவுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்