முகவுரையைத் தாண்டிப் படி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வணிக ஒப்பந்தம் என்ற பெயரில் நாடுகள் செய்வது அணி சேர்ப்பதுதானே, அதற்கு ஏன் ஆயிரக்கணக்கான பக்கம் என்று கேட்டிருந்தாய். அணி சேர இரண்டு பக்கம் போதும். மற்ற பக்கமெல்லாம் அதற்கு யார் பணம் கட்டுவது என்பதுதான். அதனால் நீ படிக்கப்போகும் ஒப்பந்த வரைவில் முகவுரையை விட்டுவிட்டு நேரே ‘ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்’ அத்தியாயத்துக்குப் போ. ஒரு சரக்கு எந்த நாட்டுச் சரக்கு என்று சுங்கத்துறை முடிவு செய்யும் விதிகள் அங்கேதான் இருக்கின்றன. போட்டி நாட்டை வெளியே நிறுத்தும் கதவும் அதுதான்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள். சுங்கத்துறைகள் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் அதன் எண் 6109.10. அமெரிக்காவின் வழக்கமான இறக்குமதி வரி 16.5 சதவீதம். 2016 பிப்ரவரியில் அமெரிக்கா உட்பட 12 பசிபிக் வட்டார நாடுகள் கையெழுத்திட்ட டிபிபி வணிக ஒப்பந்தத்தில் வியட்நாம் உண்டு, சீனா இல்லை. பசிபிக் வணிகத்தின் விதிகளைச் சீனாவை எழுதவிடக் கூடாது, நாம்தான் எழுத வேண்டும் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா வெளிப்படையாகவே சொன்னார். ஆடைக்கு அப்படி எழுதிய விதி ‘யார்ன் ஃபார்வர்டு’: நூற்பது, துணியாக்குவது, வெட்டுவது, தைப்பது எல்லாமே உறுப்பு நாடுகளுக்குள் நடக்க வேண்டும். வியட்நாமின் தையல் ஆலைகளோ துணியைப் பெருமளவில் சீனாவிலிருந்து வாங்குகின்றன. சீன நூல் என்றால் வியட்நாமில் தைத்தாலும் முழு வரிதான். சலுகை வேண்டுமானால் முதலில் நூற்பாலை கட்டு என்று அர்த்தம். அமெரிக்க நூற்பாலைகளுக்கு நிம்மதி. டி-ஷர்ட் வாங்குபவருக்கு விலை குறையவில்லை.

2017 ஜனவரியில் அமெரிக்கா விலகிக்கொண்டது. எஞ்சிய 11 நாடுகள் 22 விதிகளை நிறுத்திவைத்துவிட்டு, 2018 டிசம்பரில் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நிறுத்திவைத்ததில் பாதி காப்புரிமை, பதிப்புரிமை சம்பந்தப்பட்டது. நூல் விதி மட்டும் அப்படியே இருக்கிறது. கேட்டவர் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார், அவருக்காக வைத்த பத்தியத்தை மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். சீனா உறுப்பினராக உள்ள ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தம் 2022 ஜனவரியில் வந்தது. அங்கே அதே டி-ஷர்ட்டை ஓர் உறுப்பு நாட்டில் வெட்டித் தைத்தாலே போதும், துணி எங்கிருந்து வந்தாலும் கேள்வியில்லை. எந்தப் பக்கம் சரக்கு ஓடும் என்று நீயே ஊகித்துக்கொள்.

விதியை இறுக்கினால் இன்னொரு கோளாறும் வரும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ செய்துகொண்ட நாஃப்டா ஒப்பந்தத்தில், வரிச் சலுகைக்கு கார் மதிப்பில் 62.5 சதவீதம் அந்த மூன்று நாடுகளுக்குள் உருவாக வேண்டும் என்றிருந்தது. 2020 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த ஒப்பந்தம் அதை 75 ஆக்கியது. போதாதென்று, காரின் மதிப்பில் 40 சதவீதம், பிக்கப் வண்டிக்கு 45 சதவீதம், மணிக்கு 16 டாலராவது கூலி தரும் ஆலைகளிலிருந்து வர வேண்டும். அப்போது அமெரிக்காவில் காருக்கான சாதாரண வரியே 2.5 சதவீதம்தான். 20,000 டாலர் காருக்கு 500 டாலர். பாகம் பாகமாகச் சப்ளையரிடம் சான்று வாங்கி, ஐந்தாண்டு ஆவணம் பாதுகாத்து, விலை கூடிய பாகத்துக்கும் மாற 500க்கு மேல் ஆகும் என்றால், வரியைக் கட்டிவிட்டுப் போவதுதான் லாபம். ஒப்பந்தம் இருக்கும், பயன்படுத்த ஆள் இருக்காது. பிக்கப்புக்கு வரி 25 சதவீதம், அதனால் அங்கே தப்ப முடியாது. அந்த 25 எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக 1964இல் போட்டது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வரி இன்னும் நிற்கிறது.

உள்நாட்டில் அடிபடுபவருக்கு என்ன தருகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் 1962 வணிக விரிவாக்கச் சட்டத்தைப் பார். பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவைத் தன் பக்கம் இறுக்கிக்கொள்ள அதிபர் கென்னடி கொண்டுவந்தது. இறக்குமதியால் வேலை இழப்பவருக்கு உதவித்தொகை, மறுபயிற்சி என்ற திட்டம் அதிலேயே பிறந்தது. ஆனால் வரிச் சலுகையால்தான் இறக்குமதி கூடியது, அதுதான் வேலை போக முக்கியக் காரணம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஓர் ஆலை மூடுவதற்குக் காரணம் ஒன்றா இரண்டா? 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. 1974இல் நிபந்தனையைத் தளர்த்திய பிறகுதான் பணம் ஓடியது. 2022 ஜூலையோடு அந்தத் திட்டத்தின் அனுமதியும் காலாவதியாகிவிட்டது.

அதே 1962 சட்டத்தில் 232ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தேசப் பாதுகாப்பைச் சொல்லி அதிபர் வரி போடலாம். அது நல்ல திடகாத்திரமாக இருக்கிறது. 2018இல் உருக்குக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் வந்தது அதன் வழிதான். ஒப்பந்தக் கூட்டாளிகளான கனடாவையும் மெக்சிகோவையும்கூட அது விடவில்லை.

அதே ஆண்டு சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் பதில்வரி போட்டபோது, விவசாயிகளுக்கு நஷ்டஈடு சில மாதங்களிலேயே வந்தது. அதன் கணக்கு வேடிக்கையானது. சோயாவுக்கு புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அளவை) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். பதில்வரியால் நேரடியாக இழந்த ஏற்றுமதியை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். ஒரே வயலில் மாற்றி மாற்றிப் பயிரிடுபவரிடம் இந்த வித்தியாசத்தை விளக்கிப் பார்.

நீ படிக்கப்போகும் வரைவில் வரிவிலக்கு அட்டவணையோடு ஆன்டி-டம்பிங் பகுதியையும், அதாவது அநியாயமாக மலிந்த விலையில் வரும் சரக்குக்குக் கூடுதல் வரி போடும் விதிகளையும், பார்த்துவிடு. ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2015இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இருந்தும், கோவிட் எங்கிருந்து கிளம்பியது என்று விசாரிக்க ஆஸ்திரேலியா குரல் கொடுத்த சில வாரங்களில், 2020 மே மாதம் ஆஸ்திரேலிய பார்லிக்குச் சீனாவில் மொத்தம் 80.5 சதவீத வரி விழுந்தது. சலுகை வரியை யாரும் தொடவில்லை. ஆன்டி-டம்பிங், மானிய எதிர்ப்பு என்ற இரண்டு தனித் தலைப்புகளில் ஏற்றினார்கள். அது நீங்க 2023 ஆகஸ்ட் ஆனது. உன் வரைவில் அந்த வழியை எந்த அளவுக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்