செயற்கைக்கோள் இணையம் எந்த வீட்டுக்கு வேண்டும்? கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா மாறுதல், வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்கள், வேலை முடிந்து கிளம்பும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஏங்க்கா, செயற்கைக்கோள்ல இருந்து நேரா வீட்டுக்கே நெட்டு வருதாமே, டிஷ் வாங்கிப் போட்டுடலாமா?" கேட்பவர்களில் பலர் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். பெங்களூரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன மகன், நீட் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிற மகள். மகளிர் குழுவில் கடன் எடுத்தாவது போட்டுவிடுகிறோம் என்கிறார்கள். இவர்களுக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஒரு விவரம் வேண்டும். அது உங்கள் நிர்வாகத்தால் மட்டுமே தர முடிந்த விவரம். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில்நுட்பத்தில் குறை இல்லை. பழைய வகைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும். நாம் கேட்பது மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வந்து சேர அரை நொடி ஆகிவிடும். வீடியோ காலில் ஒருவர் பேசி முடித்ததே தெரியாமல் இருவரும் மாறி மாறி "சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி நடத்தும் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் செயற்கைக்கோள்கள் சுமார் 480 முதல் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, அந்தத் தாமதம் பெருமளவு போய்விட்டது. இதே போன்ற சேவை தரும் இன்னொரு கம்பெனி ஒன்வெப்; 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அதன் செயற்கைக்கோள்களில் 72-ஐ 2022, 2023 ஆண்டுகளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் இஸ்ரோ ராக்கெட்தான் கொண்டுபோய் விட்டது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கும் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து வேலை எல்லாவற்றுக்கும் இது தாங்கும்.

எங்கள் ஊர் வீடுகளுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. பக்கத்து நாடான பூட்டானைப் பாருங்கள். அவர்கள் பணமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. 2025 தொடக்கத்தில் ஸ்டார்லிங்க் அங்கே வந்தபோது குறைந்த திட்டமே மாதம் 3,000, அடுத்தது 4,200. கருவிக்குத் தனியாகப் பணம். வங்கதேசத்தில் அந்தக் கருவிக்கு 47,000 டாக்கா வைத்தார்கள். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். மூன்று மாத உரிமைத்தொகை ஒரு மாத நெட்டுக்குச் சரியாகப் போகும். பக்கத்துத் தெருவரை ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் வந்திருந்தால் அதே வேலையை மாதம் 400, 500 ரூபாயில் முடித்துக்கொள்ளலாம்.

கரண்ட் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டேன். வீட்டு டிஷ் சுமார் 75 வாட் இழுக்கும், கிட்டத்தட்ட ஒரு சீலிங் ஃபேன் அளவு. இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரும் 100 யூனிட் இலவசம் அந்த ஒரு கருவிக்கே பத்தாது. லைட்டும் ஃபேனும் டிவியும் மட்டும் வைத்துக்கொண்டு இதுவரை பில் கட்டாத வீட்டுக்கு, நெட் கட்டணத்தோடு கரண்ட் பில்லும் சேர்ந்து வரும். ஃபைபர் மோடத்துக்குப் பத்து வாட் போதும்.

அடுத்தது மரம். டிஷ்ஷுக்கு மேலே நூறு டிகிரிக்குக் குறையாமல் வானம் திறந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், ஒரு கிளை குறுக்கே வந்தாலும் இணைப்பு விட்டு விட்டு வரும். பண்ருட்டிப் பக்கம் போனால் பலா மரத்துக்கு நடுவில்தான் வீடே இருக்கிறது. தானே புயலில் சாய்ந்த தோப்புகளை மறுபடி வைத்து வளர்த்தவர்களிடம், நெட்டுக்காகக் கிளையை வெட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தோப்புக்கு மேலே தூக்கி வைக்கக் கம்பம் நட்டால் அதற்கு ஒரு செலவு, காற்றடிக்கும் மாதங்களில் அதற்கு ஒரு பயம். மழையும் இருக்கிறது. கனமழையில் டிடிஎச் படம் நின்றுபோவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்த இணையமும் பெரும்பாலும் அதே அலைவரிசையில்தான் வீட்டுக்கு இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இதுவும் தடுமாறும்.

இன்னொன்று, வானத்திலும் இடம் அளவோடுதான் இருக்கிறது. இந்தியா முழுக்க ஸ்டார்லிங்கால் 20 லட்சம் இணைப்பு வரைதான் தர முடியும் என்று 2025 ஜூலையில் மத்திய தகவல் தொடர்புத் துறை இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் சொன்னார். ஒரே பகுதியில் நெருக்கமாகப் பலர் சேர்ந்தால் இருக்கிற வேகத்தைப் பங்குபோட வேண்டிவரும். கம்பி போக வழியில்லாத இடத்துக்கு வேண்டியதை, கம்பி வாசல்வரை வந்த வீடு எடுத்துக்கொள்வது எந்த விதத்திலும் நியாயமாகப் படவில்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் மொட்டை மாடியில் ஏறி, ஒவ்வொரு கம்பெனி சிம்மையும் போட்டு வேகம் பாருங்கள். ஒன்றாவது சுமாராக எடுத்தால், உயரத்தில் ஆன்டெனா வைத்த 4ஜி, 5ஜி ரௌட்டர் போதும். கேபிள்காரரிடம் ஃபைபர் எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் கைவிட்டு, அந்த நெட்டை வைத்துத்தான் மாதச் சம்பளம் வரவேண்டும் என்றால் டிஷ் போடுங்கள், அது வீண் செலவு ஆகாது. படிப்புக்கும் படத்துக்கும் மட்டும் என்றால் கடன் வாங்காதீர்கள்.

இதில் ஃபைபர் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2011இல். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அதில் உண்டு, நம் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் உண்டு. கேபிள் பல ஊர்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் வந்ததும் வேலை செய்வதும் வேறு வேறு. எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சி அலுவலகத்தில் சுவரில் இரும்புப் பெட்டி, உள்ளே மோடம், அதில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அந்த விளக்கு எரிந்தால் கேபிள் வழியாக ஒளி வரவில்லை என்று பொருள். குழாய் பதிக்கப் பொக்லைன் வைத்துப் பள்ளம் எடுத்தபோது எங்கோ அறுந்திருக்கிறது. பள்ளம் எடுத்தவர்கள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். யாரிடம் சொல்வது என்று ஊராட்சிச் செயலருக்கும் தெரியவில்லை. பெட்டிக்குக் கீழே இருக்கும் பேட்டரி உப்பிக் கிடக்கிறது. அந்த அலுவலகத்துக்கு எதிர் வீட்டுக்காரர்தான் என்னிடம் வந்து டிஷ் விலை கேட்டார்.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒரு பட்டியல். குக்கிராம வாரியாக, இன்றைய தேதியில் ஃபைபர் உயிரோடு இருக்கிறதா, வீட்டு இணைப்பு எந்தத் தெருவரை தர முடியும், யாரிடம் விண்ணப்பிப்பது, அறுந்தால் எந்த எண்ணுக்குச் சொல்வது. அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் இது ஒட்டப்பட வேண்டும். சாலையோரம் பள்ளம் எடுக்க அனுமதி தரும்போது, கேபிளை அறுத்தவரே சரிசெய்து தரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. வசதி எட்டாத ஊர்களில் குறிப்பிட்ட வீடுகளுக்குக் கருவி வாங்க அரசு மானியம் தருவதைப் பரிசீலிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதப் பரிந்துரையில் சொல்லியிருக்கிறது. நாளை அப்படி ஒரு மானியம் வந்தால் அது யாருக்குப் போகும்? விவரம் கையில் இல்லாவிட்டால் முந்திக்கொண்டவர்களுக்கும் ஆள் பழக்கம் உள்ளவர்களுக்கும் போகும். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால் தீவாகிவிடுகிற திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்களின் பெயர் முதலில் வரவேண்டும்.

வீட்டுக்கு வீடு வேண்டாம் என்று சொல்கிற நானே, சில இடங்களில் டிஷ் கட்டாயம் வேண்டும் என்பேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே கரை கடந்த பிறகு, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் இங்கே உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. இப்படிப்பட்ட நாளில் கம்பமும் சாயும், ஃபைபரும் அறும், டீசல் தீர்ந்தால் டவரும் நிற்கும். மழை சற்று விட்டதும், தரையில் எந்தக் கம்பியும் இல்லாமல் பேசக்கூடியது டிஷ் ஒன்றுதான். கடலோரப் புயல் பாதுகாப்பு மையங்களிலும் கொள்ளிடக் கரையிலும் மையத்துக்கு ஒன்று, சோலாரும் பேட்டரியும் சேர்த்து, புயலுக்கு முன்னால் கழற்றி உள்ளே வைத்துவிட்டு அடங்கியதும் மாட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் இரண்டு பேரோடு வையுங்கள். உப்புக் காற்று என்பதால் வருடம் ஒருமுறை இணைப்பு முனைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அதையும் அவர்களே செய்யலாம்.

எங்கள் வட்டாரத்தில் எந்த ஊராட்சியில் எந்த விளக்கு எரிகிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுத ஆள் தேவைப்பட்டால், இ-சேவை மையம் நடத்தும் எங்களில் சிலர் வரத் தயாராக இருக்கிறோம். படிவம் ஒன்று அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
குறிஞ்சிப்பாடி வட்டார இ-சேவை மையப் பொறுப்பாளர் ஒருவர்