செப்டம்பர் 11 அன்று யார் கேட்பார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். 2003 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஒரு மணி நேர உரை, சட்டையில் ஒரு ரிப்பன், உறுதிமொழி, குழுப் படம். மறுநாள் காலை ஷிப்டில் ஒருவர் "எனக்கு இனிமே எதுவும் வேணாம் சார்" என்கிறார். எதிரே நிற்கும் சூப்பர்வைசர் என்ன கேட்க வேண்டும்? அடுத்த அரை மணி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும்? பெரும்பாலான இடங்களில் இதற்குப் பதில் கிடையாது. அந்த அரை மணி நேரத்தை எழுத்தில் வகுத்து வைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 50 வயதைத் தொடாதவர்கள், அதாவது பெரும்பாலும் உழைக்கும் வயதினர். வீட்டாரைவிட உடன் வேலை செய்பவர்களே தங்களை அதிக நேரம் பார்க்கும் நிலையில் இருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

கேள்வியில்தான் முதல் தவறு நடக்கிறது. "தப்பா எதுவும் நினைக்கலையே?", "அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லதானே?" என்றுதான் நம் வாயில் வருகிறது. இப்படிக் கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். கேட்பவருக்கு 'ஆமாம்' என்பதைத் தாங்கும் தெம்பில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். "இல்ல சார்" என்று எழுந்து போய்விடுவார். கேட்க வேண்டியது இதுதான்: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" சுலபமாக வாயில் வராத வாக்கியம். அதனால்தான் பயிற்சியில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து இதை நான்கைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் மிஞ்சுகிறது.

"ஆமா" என்றால் உடனே அறிவுரையில் இறங்கக் கூடாது. குடும்பத்தை நினைத்துப் பார் என்பது, தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைப்பவருக்கு இன்னொரு சுமை. எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றதுண்டா என்று கேளுங்கள். முந்தைய முயற்சி மிகப் பெரிய அபாய அறிகுறி. வழியும் நேரமும் முடிவாகியிருந்தால் அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

இங்கே நல்ல மனதோடு செய்யும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கப்பா, வீட்ல போய் ரெஸ்ட் எடு" என்று அனுப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கலாம். வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று போனில் பேசி உறுதி செய்யாமல், உடன் ஒருவர் போகாமல், அனுப்பவே கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "உதவ வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், அவங்க யார்னு உங்ககிட்ட சொல்லிட்டே சொல்வேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

சாகமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும், எழுதிக் கையெழுத்து வாங்குவதும் காப்பாற்றும் என்பதற்குச் சான்றில்லை. பயன்படுவது பாதுகாப்புத் திட்டம் எனப்படும் ஒரு பக்கத் தாள். எண்ணம் தலைதூக்குவதற்கு முன் தெரியும் அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் உதவி எண்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்கும் வழி என்று ஆறு பகுதிகள். பயிற்சி பெற்ற ஒருவர் உடன் உட்கார்ந்து, அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். அச்சடித்த படிவத்தில் டிக் அடிக்கச் சொன்னால் அது இன்னொரு அலுவலகத் தாள்தான்.

ஆறாவது பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். பலருக்கு முடிவெடுப்பதற்கும் முயல்வதற்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஆபத்தானது கையில் கிடைக்காவிட்டால் அலை கடந்துவிடும். இலங்கையில் 1995 முதல் மிகுந்த நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. தொழிலிடத்திலும் இதே கணக்குதான். ரசாயனங்களும் மருந்துகளும் வைத்திருக்கும் அறைக்கு இருவர் சேர்ந்தால்தான் திறக்கும் இரட்டைப் பூட்டு, மொட்டை மாடிக்குத் தடுப்பு, மனம் உடைந்திருப்பவருக்குத் தனி ஆள் இரவுப் பணி போடாமல் இருப்பது. செலவு அதிகமில்லை.

நிர்வாகங்கள் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மெமோ, சஸ்பென்ஷன், பணிநீக்கம் ஆகியவை கொடுக்கப்படும் விதம். வாரத்தின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு உறையை நீட்டி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, செக்யூரிட்டியோடு கேட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த இரண்டு நாள் போனை எடுக்க யாரும் இல்லை. விசாரணை முடியும்வரை சக ஊழியர்களோடு பேசக் கூடாது என்ற நிபந்தனை வேறு. வருமானமும் மரியாதையும் போன அதே நாளில் நண்பர்களும் போய்விடுகிறார்கள். நடவடிக்கை எடுப்பது நிர்வாகத்தின் உரிமை என்றே வைத்துக்கொண்டாலும், எடுக்கும் விதம் நிர்வாகத்தின் பொறுப்பு. உறையை வாரத்தின் முதல் பாதியில், முற்பகலில் கொடுங்கள். அவர் விரும்பும் ஒருவரை உடன் இருக்க விடுங்கள். அடுத்த விசாரணைத் தேதியும், சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பிழைப்பூதியம் எப்போது வரும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். வழக்கோடு தொடர்பில்லாத ஒரு சக ஊழியர் பேசலாம் என்று எழுத்தில் அனுமதியுங்கள். மறுநாள் ஒருவர் போன் செய்து, மேலே சொன்ன அதே கேள்வியை நேராகக் கேட்கட்டும்.

யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் சிக்கல்தான். பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதே எச்.ஆர். மேசையில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' திட்டம் இதைப் புரிந்துகொண்டது. தளத்தில் எல்லோருக்கும் சுருக்கமான பயிற்சி; சிலருக்கு, ஆபத்தில் இருப்பவரை உதவியோடு இணைக்கும் பயிற்சி; அவர்களிலும் சிலருக்கு இரண்டு நாள் ஆழ்ந்த பயிற்சி. பயிற்சி பெற்றவரைத் தலைக்கவசத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் காட்டிக்கொடுக்கும். அவர் மற்றவர்களோடு சாரத்தில் நிற்கும் மேஸ்திரியாகவும் இருக்கலாம், ஹெல்பராகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது இரண்டு பேராவது இப்படி இருக்க வேண்டும்; ஒருவர் மட்டும் என்றால் அவர் லீவில் இருக்கும் நாளில்தான் தேவை வரும். உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன், இரவு இரண்டு மணிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, உங்கள் தொழிலாளர்களின் மொழியில் பேசுகிறார்களா என்று தெரியாத எண்ணை ஒட்டிப் பயனில்லை.

மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் மூன்று மாதங்கள் அபாயம் மிகுந்தவை. வேலைக்குத் திரும்புபவருக்கு முதல் வாரம் அரை நாள் வேலை கொடுங்கள்; ஒரே நபர் அவரோடு இரண்டு முறை பத்து நிமிடம் பேசட்டும். பிறகு 12 வாரங்களுக்கு வாரம் ஒரு முறை. "ஆள் இப்போ சிரிச்சுப் பேசுறாரே" என்று மூன்றாவது வாரமே இதை நிறுத்திவிடுவது வழக்கம். கொந்தளித்துக்கொண்டிருந்தவர் திடீரென அமைதியாகி, கடனை அடைத்து, தன் கருவிகளைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால் அதுவே கேட்க வேண்டிய நேரம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு கோரிக்கை. 1987இல் வியன்னாவில், சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதில்லை என்று பத்திரிகைகள் ஒத்துக்கொண்ட ஆறு மாதங்களில் அத்தகைய தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. தொழிலாளி ஒருவரின் மரணச் செய்தியில் முறையும், இடத்தின் படமும், 'மேலதிகாரி திட்டியதால்' என்ற ஒற்றைக் காரணமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உதவி எண்கள் மூன்று வரி போதும்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767.

இப்படிக்கு,
தொழிலிட மனநலப் பயிற்சியாளர்கள்